ஓர் அங்குல இரும்புக்கு அரை மில்லிமீட்டர்: யு.எஸ்.எஸ். மானிட்டர் கட்ட எவர்கிரீன் ஸ்டைரீன் ஷீட் எந்த அளவுக்கு உதவும்?

மாடல் செய்ய உதவும் ஸ்டைரீன் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட், அதை விற்கும் எவர்கிரீன் பாக்கெட்டின் மேல் 0.020 என்று அச்சிட்டிருக்கும். அது அங்குலக் கணக்கு. 48-ஆல் பெருக்கினால் 0.96 வருகிறது. 1:48 அளவில் மாடல் செய்பவர் கையில் இந்த ஷீட் ஓர் அங்குல இரும்புத் தகடாகவே நிற்கிறது. அதன் பாதித் தடிமனான 0.010 ஷீட், அரை அங்குலத் தகடு. 1862-ல் கடலில் இறங்கிய அமெரிக்கக் கவசக் கப்பல் மானிட்டரின் பீரங்கிக் கோபுரம் ஓர் அங்குலத் தகடுகளை எட்டு அடுக்காக முடுக்கிச் செய்தது. அதன் மேல்தளக் கவசம் அரை அங்குலத் தகடு இரண்டு அடுக்கு. இந்தக் கப்பலுக்கும் இந்தப் பாக்கெட்டுக்கும் இவ்வளவு பொருத்தம் இருப்பது தற்செயல்தான், ஆனால் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய தற்செயல்.

அதற்காகக் கப்பல் முழுவதையும் இதிலேயே கட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. இரும்பின் விளிம்பும் தடிமனும் கண்ணில் படும் இடங்களுக்கு எவர்கிரீன், மற்ற இடங்களுக்கு உள்ளூர்ச் சரக்கு. எந்த இடம் எது என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு.

பொருளைப் பற்றி முதலில். எவர்கிரீன் ஸ்கேல் மாடல்ஸ் அமெரிக்க நிறுவனம். சாதா வெள்ளை ஷீட் 6 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது ஏறக்குறைய 152-க்கு 305 மி.மீ. 9010 என்ற எண்ணில் 0.010 ஷீட் நான்கு, 9020-ல் 0.020 ஷீட் மூன்று, 9040-ல் 0.040 ஷீட் இரண்டு. தடிமன் கூடக்கூடப் பாக்கெட்டில் எண்ணிக்கை குறையும். ஷீட் தவிரப் பட்டை, உருளைக் கம்பி, குழாய், ஆங்கிள் என்று வரிசை நீளும். இதில் காசு கொடுக்கத் தகுந்த குணம் ஒன்றுதான்: தடிமன் ஷீட் முழுக்கச் சீராக இருப்பது. எட்டு அடுக்கு ஒட்டும்போது ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ. கூடினால் சுவரில் 0.4 மி.மீ. கூடும், கோபுரத்தின் விட்டத்தில் 0.8. மூடியும் தளவளையமும் அதோடு பொருந்தாது. வாங்கியவுடன் நான்கு மூலையிலும் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுவது எந்த ஷீட்டுக்கும் நல்ல பழக்கம்.

வெட்டுவதும் சுலபம். 0.010-ஐக் கட்டர் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். 0.020-க்கு இரண்டு இழுப்புக் கீறல், பிறகு மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் நேராக உடையும். கீறிய இடத்தில் இரு பக்கமும் மயிரிழை அளவு மேடு எழும்பும். அதைக் கட்டரின் முதுகால் சுரண்டாமல் ஒட்டினால் அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி விழும். எட்டாவது அடுக்கில் அது அலையாகத் தெரியும்.

கப்பலின் அளவு

மேல் உடல், அதாவது கவசம் பூட்டிய தட்டையான மிதவைப் பகுதி, நூல்களில் 172 அடி என்றும் கப்பலின் மொத்த நீளம் 179 அடி என்றும் இரண்டு எண்கள் உலவுகின்றன. 1:48-ல் முதலாவது 1092 மி.மீ., இரண்டாவது 1137 மி.மீ. 45 மி.மீ. வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. கையிலிருக்கும் வரைபடம் எதைப் பின்பற்றுகிறது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும். ஒரு வரைபடத்தின் தளத்தையும் இன்னொன்றின் அடிப்பகுதியையும் கலந்தால் சுக்கானும் சுழலியும் இடம் மாறி நிற்கும். கீழேயுள்ள எண்கள் எல்லாம் 172 அடிக்கணக்கு.

அகலம் 41 அடி 6 அங்குலம், மாடலில் 263.5 மி.மீ. நீருக்கு அடியிலுள்ள கீழ் உடல் 124 அடிக்கு 34 அடி. அது 787-க்கு 216 மி.மீ. ஆக மேல் உடல் பக்கத்துக்கு 24 மி.மீ. வெளியே துருத்தும். பின்புறம் அதைவிட அதிகமாக நீட்டி, சுழலிக்கும் சுக்கானுக்கும் குடை பிடிக்கும். நீர்மட்டத்துக்கு மேலே தெரிவது ஒன்றரை அடிதான், மாடலில் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை. நீர்மட்ட மாடலாகச் செய்தால் வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஜான் எரிக்சனின் வடிவமைப்பில் விசித்திரமான பாதி தண்ணீருக்குள் போய்விடும்.

எந்தத் தேதிக் கப்பல் என்பதையும் வெட்டத் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மானிட்டர் பணியில் சேர்ந்தது 1862 பிப்ரவரி 25. ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் தென்மாநிலங்களின் கவசக் கப்பலான வர்ஜீனியாவோடு மோதியது மார்ச் 9. ஹட்டெராஸ் முனைக்கு அப்பால் மூழ்கியது டிசம்பர் 31. ஒரு வருடம்கூட ஆயுள் இல்லாத கப்பலுக்கு மூன்று தோற்றம். மார்ச் 9 காலை வரை மாலுமி அறையின், அதாவது கப்பலைச் செலுத்துபவர் நிற்கும் அறையின், பக்கங்கள் செங்குத்து, கோபுரத்தில் ஒரு வடுவும் இல்லை. சண்டைக்குப் பிறகு மாலுமி அறையைச் சுற்றிச் சாய்வுக் கவசம் வந்தது. இலையுதிர்காலத்தில் வாஷிங்டன் கப்பல் தளத்தில் பழுதுபார்த்தபோது 30 அடி உயர நீளும் புகைபோக்கி பொருத்தினார்கள். ஜேம்ஸ் கிப்சன் 1862 ஜூலை 9-ல் ஜேம்ஸ் ஆற்றில் எடுத்த புகைப்படங்கள்தான் நமக்குக் கிடைத்த நேரடிச் சாட்சி. ஆகவே ஜூலைத் தோற்றம் செய்வதே புத்திசாலித்தனம். டிசம்பர்ப் புகைபோக்கியும் மார்ச் மாலுமி அறையும் சேர்ந்து நிற்கும் மாடல்களைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். அப்படி ஒரு கப்பல் மிதந்ததே இல்லை.

கோபுரம்: இந்த ஷீட்டின் உண்மையான சோதனை

கோபுரத்தின் உள்விட்டம் 20 அடி, உயரம் 9 அடி. மாடலில் 127 மி.மீ., 57 மி.மீ. எட்டு அடுக்கு 0.020 ஒட்டினால் சுவர் 4 மி.மீ. தடிமனாகும், வெளிவிட்டம் 135. உண்மைக் கணக்கு 135.5. அரை மி.மீ. யார் கண்ணிலும் படாது.

ஒரு ஷீட்டில் 57 மி.மீ. பட்டைகளை நீளவாக்கில் வெட்டினால் இரண்டுதான் தேறும், 38 மி.மீ. வீணாகும். குறுக்குவாக்கில் வெட்டினால் 152 மி.மீ. நீளத்தில் ஐந்து தேறும். ஒரு அடுக்குக்கு மூன்று பட்டை. எட்டு அடுக்குக்கு 24. ஐந்து ஷீட்டில் 25 கிடைக்கும், ஒன்று உபரி. இரண்டு பாக்கெட் வாங்கினால் ஆறாவது ஷீட் பீரங்கி வாயை மூடும் தடுப்புகளுக்கு ஆகும். ஷீட் சிறியது என்ற குறை இந்தக் கப்பலுக்குச் செல்லாது. அசலும் பல தகடுகளைச் சேர்த்துச் செய்ததுதான்.

அடுக்கின் சுற்றளவு கூடிக்கொண்டே போகும். முதல் அடுக்குக்கு நடுத்தடிமன் கணக்கில் 400.5 மி.மீ., எட்டாவதற்கு 422.5. இடையில் ஒவ்வொரு அடுக்குக்கும் 3.14 கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாப் பட்டையையும் ஒரே நீளத்தில் வெட்டி வைத்துவிட்டுக் கடைசி அடுக்கில் 22 மி.மீ. ஓட்டையைப் புட்டியால் நிரப்புவது வழக்கமான தப்பு. இன்னொன்று, இணைப்புகள் மேலே மேலே ஒரே கோட்டில் விழுவது. அடுக்குக்கு அடுக்கு தள்ளிப் போட்டால் சுவர் வலுவாக இருக்கும். வெளி அடுக்கில் மட்டும் கிப்சன் படத்தில் தெரியும் செங்குத்து இணைப்புகளைப் பார்த்து இடத்தைக் குறிக்கலாம்.

ஸ்டைரீனை வளைத்து அப்படியே ஒட்டக் கூடாது. வளைத்த ஷீட்டின் வெளிமுகம் இழுவிசையில் இருக்கும். அதன்மேல் கரைப்பான் பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சில நேரம் ஒட்டும்போதே ஓடும், சில நேரம் பெயின்ட் அடிக்கும்போது. அதனால் முதலில் வெந்நீரில் வளைத்து இழுவிசையை எடுத்துவிட வேண்டும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் பயன்படும் 110 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு இதற்கு அளவெடுத்தாற்போல் இருக்கும். பட்டைகளை அதன்மேல் சுற்றித் துணிநாடாவால் கட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, அப்படியே ஆறவிட்டு அவிழ்த்தால் ஷீட் சற்றே விரிந்து 127-க்கு அருகில் வந்து நிற்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. ஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகும். பட்டை நெளிந்து போனால் திரும்ப நேராகாது.

அச்சுக்கு 12 மி.மீ. பிளைவுட் வட்டம் ஐந்து, நடுவில் போல்ட் போட்டு இறுக்கி 127 மி.மீ. உருளையாகக் கடைந்துகொள்வது நல்லது. லேத் இல்லாவிட்டால் டிரில்லில் மாட்டிச் சுழற்றி உப்புத்தாள் பிடிக்கலாம். உயரம் 60 வரும், 57-க்குக் கோடு போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்கு நடுவில் இடைவெளி விட்டு மூன்று தட்டு மட்டும் வைத்தால் ஷீட் அந்த இடைவெளியில் உள்வாங்கி, கோபுரம் உடுக்கை மாதிரி ஆகிவிடும். உருளையின் மேல் பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் சுற்றினால் ஸ்டைரீன் மரத்தில் பிடிக்காது. முடிந்ததும் உருவி எடுக்கலாம்.

பீரங்கி வாய்கள் இரண்டும் கோபுர மையத்தை நோக்கி இருக்காது. இரண்டு டால்கிரென் பீரங்கிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்கொன்று இணையாக நின்றன. துளைகளும் இணையாகத்தான் போக வேண்டும். வட்டத்தைக் கண்டதும் மையம் நோக்கித் துளைப்பது கை தானாகச் செய்யும் தவறு. எட்டு அடுக்கும் காய்ந்த பிறகு, உருளையில் இருக்கும்போதே மையக்கோடு இழுத்துச் சிறு துளைகள் போட்டு, அரம் கொண்டு பெரிதாக்க வேண்டும். வெட்டு முகத்தில் எட்டு அடுக்கின் கோடுகளும் மெலிதாகத் தெரியும். அதைப் புட்டி போட்டு மறைத்துவிட்டால் இத்தனை பாடும் வீண்.

பசைதான் எமன்

ஸ்டைரீனில் வேலை கெடுவது பெரும்பாலும் ஷீட்டால் இல்லை, கரைப்பானால். டாமியா நிறுவனத்தின் பச்சை மூடி பாட்டில் பசை, அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் கலந்த மெல்லிய திரவம். இணைப்பின் விளிம்பில் தூரிகையைத் தொட்டால் தானாக உள்ளே ஓடும். விளிம்பு ஒட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பெரிய பரப்பை அடுக்காக ஒட்டுவது வேறு கணக்கு. உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழி விளிம்பு மட்டும்தான். நடுப்பகுதி வாரக்கணக்கில் பதமாகவே இருக்கும். மேலே தேய்த்து, பெயின்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு அது மெல்ல ஆவியாகி, அந்த இடம் குழிவிழும். சில மாதம் கழித்து வழவழப்பான தளத்தில் காரணம் தெரியாத பள்ளங்கள் வருவது இதனால்தான்.

இதற்கு மருந்து ஓட்டை. இரண்டாவது அடுக்கிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொரு பட்டையிலும் 15 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. துளைகள் போட்டுவிட வேண்டும். பட்டையைச் சுற்றி ரப்பர் வளையத்தால் இறுக்கிய பிறகு, ஊசியால் அந்தத் துளை வழியாகவே ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டால், பசை போகும் வழியும் ஆவி வெளியேறும் வழியும் ஒன்றாகிவிடும். ஒரு அடுக்குக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். எட்டு அடுக்குக்கு எட்டு நாள். அவசரப்பட்டு இரண்டே நாளில் முடித்தால் கோபுரம் வட்டமாக நிற்காது.

தட்டையான பகுதிகளை அடுக்கும்போது இரு பக்கமும் சமமாக ஒட்ட வேண்டும். 0.040 பலகையின் ஒரு முகத்தில் மட்டும் 0.010 ஒட்டினால் அது அப்பளம் மாதிரி வளையும். பின்முகத்திலும் ஒன்று ஒட்டி, கண்ணாடி மேல் கவிழ்த்து, மேலே பாரம் வைத்து இரண்டு நாள் விட்டால் தட்டையாக இருக்கும்.

எம்.இ.கே. என்று ரசாயனக் கடையில் கிடைக்கும் மெத்தில் எத்தில் கீட்டோன் விலை குறைவு, வேலையும் செய்யும். 0.020-க்கும் அதற்கு மேலும் சரி. 0.010 ஷீட்டில் ஒரு சொட்டு அதிகமானால் மறுபக்கம் வரை இளக்கிவிடும். அக்ரிலிக் பலகை ஒட்டும் கடைகளில் புழங்கும் குளோரோஃபார்ம் இன்னும் வேகமானது. மெல்லிய ஷீட் பக்கமே கொண்டு வரக் கூடாது, மூச்சுக்கும் கெடுதல். எதைப் பயன்படுத்தினாலும் சன்னல் திறந்திருக்க வேண்டும். மின்விசிறி முகத்தை நோக்கி இல்லாமல் வெளியே தள்ளும்படி இருக்க வேண்டும்.

தளமும் பக்கக் கவசமும்

மேல்தளத்தில் அசல் இரண்டு அடுக்கு அரை அங்குலத் தகடு. இங்கே கீழ் அடுக்கு யாருக்கும் தெரியாது. அதை உள்ளூர் 1 மி.மீ. ஷீட்டில் போட்டுவிட்டு, மேல் அடுக்கு மட்டும் 0.010-ல் தனித்தனித் தகடாக ஒட்டினால் போதும். தளத்தை நீள்சதுரமாகக் கணக்கிட்டாலும் ஏழு ஷீட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு பாக்கெட்டில் எட்டு இருக்கிறது.

தளம் முழுவதையும் ஒரே பரப்பாக ஒட்டி, தகடு இணைப்புகளை மேலே கீறிவிடும் குறுக்குவழியை இந்த நீளத்தில் தவிர்க்க வேண்டும். ஸ்டைரீன் சூட்டில் மரத்தைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 1092 மி.மீ. தளம் ஒன்றரை மி.மீ. நீள்கிறது. அடியில் உள்ள பிளைவுட் அப்படி நீளாது. முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் எங்காவது உப்பும், இல்லாவிட்டால் இணைப்பு பிளக்கும். தனித்தனித் தகடாக இருந்தால் அந்த அசைவைக் காகிதக் கனம் இடைவெளிகள் வாங்கிக்கொள்ளும். கருப்புப் பெயின்ட் அடித்த மாடலை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் எந்த இடைவெளியும் காப்பாற்றாது.

பக்கக் கவசம் 60 அங்குல உயரம், 31.75 மி.மீ. அசலில் ஓர் அங்குலத் தகடு மூன்று அடுக்கு முழு உயரத்துக்கும், உள்ளே இன்னும் இரண்டு அடிவரை எட்டாமலும், அதற்குப் பின்னால் ஓக், பைன் மரங்களும் இருந்தன. வெளி அடுக்குக்கு மட்டும் 0.020 வைத்தால் இரண்டு ஷீட். உள்ளிருக்கும் மற்றதெல்லாம் உள்ளூர் 2 மி.மீ. மேல்விளிம்பு தளத்தோடு சேரும் கோடு நேராக இருப்பதுதான் இந்தக் கப்பலின் முகவெட்டு. நெளிந்தால் தூரத்திலிருந்தே தெரியும். பட்டைகளை வெட்டிய பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கிளாம்பில் பிடித்து ஒரே தேய்ப்பில் விளிம்பைச் சமப்படுத்துவது நல்லது.

மாலுமி அறை ஒன்பது அங்குல இரும்புச் சட்டங்களை மரக்கட்டை வீடுபோல் மூலையில் கோத்துக் கட்டியது. 9 அங்குலம் என்றால் 4.76 மி.மீ. 0.080 இரண்டும் 0.030 ஒன்றும் ஒட்டினால் 4.8 வரும். உயரம் தளத்துக்கு மேல் சுமார் 4 அடி, 25 மி.மீ. பார்வைப் பிளவுக்கு 0.3 மி.மீ. போதும். அகலமாக விட்டால் தபால்பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும்.

உள்ளூர் ஷீட், ஃபோம் ஷீட்

வெற்றிட அச்சு வேலை செய்யும் பட்டறைகளுக்கு விற்கும் ஹெச்.ஐ.பி.எஸ். ஷீட்டும் ஸ்டைரீன்தான். ஒரு பெரிய பலகையின் விலைக்கு எவர்கிரீன் சில பாக்கெட்தான் வரும். இறக்குமதிச் செலவு சேர்ந்தால் இன்னும் குறையும். ஆனால் ரப்பர்ப் பங்கு கூடிய சரக்கில் கீறி மடக்கினால் உடையாமல் வெளுத்துப் போய் வளையும். விளிம்பு நார்நாராக நிற்கும். உப்புத்தாள் போட்டால் தூளாக உதிராமல் உருண்டு திரளும். 400-ஆம் எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். 1 மி.மீ.-க்குக் கீழே சீரான தடிமனில் கிடைப்பது அரிது, அங்கேதான் எவர்கிரீன் தவிர்க்க முடியாததாகிறது. மறைந்திருக்கும் எல்லா அடுக்குக்கும் உள்ளூர் ஷீட் தாராளமாகப் போதும். இரண்டும் ஒரே கரைப்பானில் ஒட்டும்.

பிளாஸ்ட்ரக்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் சரக்கை வாங்குவோர் பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். அவர்களிடம் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக், ஸ்டைரீன் இரண்டும் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு ஸ்டைரீனுக்கு மட்டுமான பசையில் ஒட்டினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுப் போகும்.

கீழ் உடலின் குறுக்குச் சட்டங்களுக்கு விளம்பரப் பலகைக் கடைகளில் சன்போர்டு என்று கேட்டால் கிடைக்கும் 5 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் வெட்ட வசதி, ஈரத்துக்கு உப்பாது. ஸ்டைரீனை அதோடு சேர்க்க ஸ்டைரீன் கரைப்பானை நம்ப முடியாது. ஃபெவிக்விக் வகைப் பசை பிடிக்கும், ஆனால் பக்கவாட்டுத் தட்டுக்கு உடையும். சட்டமும் ஷீட்டும் சேரும் மூலையில் எபாக்சி வைத்துக் கொடுக்க வேண்டும். நடு முதுகெலும்பை மட்டும் ஃபோம் ஷீட்டில் வெட்டவே கூடாது. ஒரு மீட்டர் நீளத்தில் சூட்டுக்கு மெல்லத் தொய்ந்து, கப்பல் வாழைப்பழம் போல் வளையும். 9 மி.மீ. பிளைவுட் முதுகெலும்பு, 60 மி.மீ.-க்கு ஒரு குறுக்குச் சட்டம், மேலே உள்ளூர் 1 மி.மீ. ஷீட் என்றால் போதும். கீழ் உடல் தட்டையான அடியும் சாய்ந்த பக்கமும் கொண்டது. சிக்கலான வளைவு முன்னும் பின்னும் மட்டும்தான்.

ரிவெட்

0.020 ஷீட்டில் பின்னாலிருந்து ஊசியால் குத்தி மேடு எழுப்ப முடியாது. கோபுரத்தின் எட்டாவது அடுக்கை மட்டும் 0.010 இரண்டாகப் பிரித்துவிடலாம். உள்ளே சாதா ஷீட், வெளியே குத்திய ஷீட், மொத்தம் அதே 0.020. காம்பஸ் ஊசியின் முனையைக் கொஞ்சம் மழுக்கி, அடியில் இரண்டு தாள் போட்டு, இரும்பு அடிஸ்கேலை ஒட்டி வரிசையாகக் குத்தினால் ஒரே சீரான மேடுகள் வரும். வளைக்கும் முன்பே குத்த வேண்டும். வெந்நீர் அதிகச் சூடாக இருந்தால் மேடுகள் அமுங்கிப் போகும், இந்த ஒரு அடுக்குக்குச் சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம். ஒட்டும்போது மேட்டுக்குப் பின்னாலுள்ள குழியில் கரைப்பான் தேங்கினால் ரிவெட் மறைந்துவிடும். இந்த அடுக்கை விளிம்பில் மட்டும் ஒட்ட வேண்டும். மெனக்கெடத் தயாராக இருப்பவர்கள் எவர்கிரீனின் 0.5 மி.மீ. உருளைக் கம்பியைச் சில்லுகளாக அறுத்து ஒவ்வொன்றாக ஒட்டலாம். தலைகள் கூர்மையாக நிற்கும், கழுத்து வலியும் நிற்கும்.

வடுக்கள் வேண்டுமென்றால் ஒன்பது. சண்டையில் கோபுரத்தில் விழுந்த அடிகள் அத்தனை. வர்ஜீனியாவின் பெரிய பீரங்கிகள் 9 அங்குலம், மாடலில் 4.8 மி.மீ. அதனால் டிரில்லில் மாட்டும் 5 மி.மீ. உருண்டைத் தலை பர் (குடையும் முனை) போதும். ஆழமாகத் தோண்டக் கூடாது. அன்று அவர்கள் சுட்டது பெரும்பாலும் வெடிகுண்டு, கவசம் துளைக்கும் திண்மக் குண்டு இல்லை. குழிவிழுந்தது, ஓட்டை விழவில்லை. படத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் போட வேண்டும். கோபுரத்தைச் சுற்றிச் சமமாகத் தூவினால் அம்மைத் தழும்பு.

ஸ்டைரீன் வேண்டாத இடங்கள்

கோபுரத்தின் மேல்மூடி ரயில் தண்டவாளங்களை மூன்று அங்குல இடைவெளியில் அடுக்கியது. அதற்கு ஸ்டைரீன் பட்டையைச் செதுக்கிக்கொண்டு உட்காராமல் மாடல் ரயில் கடையின் கோட் 70 தண்டவாளமே வாங்கிவிடலாம். அதன் உயரம் 1.78 மி.மீ., 1:48-ல் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி 1.6 மி.மீ. மூடியைக் கழற்றும்படி வைத்தால் உள்ளே பார்க்கலாம்.

11 அங்குல டால்கிரென் பீரங்கியின் சோடாப் புட்டி உருவத்துக்கு ஸ்டைரீன் ஏற்றதல்ல. அடுக்கி ஒட்டிக் கடைந்தால் பசைக் கோடுகளில் பிளக்கும். பித்தளையில் கடையலாம், இல்லாவிட்டால் ரெசின் அச்சு. குழல்வாய் 5.8 மி.மீ. நான்கு இதழ்ச் சுழலியின் விட்டம் 9 அடி, 57 மி.மீ. அதற்கும் பித்தளை. இதழை 0.040 ஷீட்டில் திருகி எடுத்தால் வெயில் காலத்தில் முறுக்கு விட்டுப்போகும்.

பெயின்டுக்கு முன் ஓர் எச்சரிக்கை. கார்ப் பட்டறையின் என்.சி. புட்டி ஸ்டைரீனில் நன்றாகப் பிடிக்கும். காரணம், அதன் தின்னர் ஷீட்டையே கரைக்கிறது. அரை மி.மீ. கனத்துக்குப் பூசினால் அடியிலுள்ள 0.010 தகடு சுருங்கி வளையும். பொடிப்பொடியாகப் பல முறை பூச வேண்டும். இல்லாவிட்டால் எபாக்சிப் புட்டி. என்.சி. தின்னர் கலந்த பிரைமரையும் ஈரமாக வழிய அடிக்காமல் தூவலாக அடிக்க வேண்டும்.

வாங்கும் கணக்கு: 9020 மூன்று பாக்கெட், அதில் கோபுரத்துக்கு ஐந்து ஷீட், பக்கக் கவசத்துக்கு இரண்டு, கைவசம் இரண்டு. எட்டாவது அடுக்கை இரண்டாகப் பிரிப்பவருக்குக் கைவசம் மூன்று பட்டை கூடும். 9010 தளத்துக்கு இரண்டு பாக்கெட், ரிவெட் அடுக்குக்கு ஒன்று. 0.030, 0.080 ஒவ்வொன்று. 0.5 மி.மீ. உருளைக் கம்பி வேண்டுவோருக்கு மட்டும். 0.040-க்கு மேல் இதில் வாங்கத் தேவையே இல்லை, மாலுமி அறையின் 0.080 நீங்கலாக. அதையும் உள்ளூர் 2 மி.மீ. ஷீட்டின் விளிம்பைத் தேய்க்கப் பொறுமை இருப்பவர் மிச்சம் பிடிக்கலாம். வந்த ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வைக்க வேண்டும். ஒரு கோடையில் சாய்ந்தே நின்ற 0.010 பிறகு தளத்துக்கு உதவாது.